பன்னிரண்டாவது ஆள்



தெருவில் விளையாடும்போது ஆள் கணக்கில் ஒருவர் கூடிப் போனால் என்ன செய்வீர்கள்? வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மனம் வராது. எந்தப் பக்கமும் சேர்த்துக்கொள்ள முடியாது. "நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லி ஓரமாக நிறுத்திவிடுவீர்கள். பெரும்பாலும் யாராவது ஒருவனுடைய தம்பியோ தங்கையோதான் அந்த இடத்தில் நிற்கும். நடக்க முடியாதவர்களைக் கேலி செய்கிற அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. உங்களுக்குச் சட்டென்று புரிய வேண்டுமே என்றுதான் எழுதினேன். கிரிக்கெட்டில் அவருக்குக் கொஞ்சம் மரியாதையான பெயர் உண்டு. பன்னிரண்டாவது ஆட்டக்காரர். தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி, கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாரே, அவர்தான்.

இந்த வாரம் அப்படி ஒரு பன்னிரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அன்றைய போட்டியில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனால் அவருக்கு வெண்கலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வேடிக்கையாக இல்லையா? கல்லூரிக்காக ரயில் நின்ற நிலையம், பிறகு ஊருக்கே பெயராகிவிட்டது. அந்தக் கல்லூரி 1876-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். முதலில் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய கல்லூரி என்பதால் அந்த இரண்டு எழுத்துகள் வந்தன. அங்கு படிப்பவர்களுக்கு 'ஏகீஸ்' என்று செல்லப் பெயர். விவசாயம் படிக்கிற பிள்ளைகள் என்ற பொருளில் வந்தது. நெடுங்காலம் அங்கே மாணவர்கள் எல்லோரும் ராணுவப் பயிற்சியும் பெற வேண்டும். 1965-இல்தான் அது விரும்பியவர்களுக்கு மட்டும் என்று ஆனது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பல்கலைக்கழகத்தில் பழக்கவழக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பாதி அவர்களுடைய ஃபுட்பால் அணியைச் சுற்றி வந்தவை.

ஃபுட்பால் என்றதும் நம் கால்பந்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஆடுவது வேறு விளையாட்டு. பந்து இரண்டு முனையும் கூராக, தேங்காயை இழுத்து நீட்டியது போல இருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். தூரத்தில் நிற்கும் நண்பனுக்கு எறிவார்கள். எதிரணியினர் குறுக்கே பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். நம் கபடியில் காலைப் பிடித்து அமுக்குகிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. அடி பலமாக விழும் என்பதால் இப்போது தலைக்கவசமும், தோளில் கனமான மெத்தையும் அணிந்துதான் ஆடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஏ அண்ட் எம் அணி 1894-இல் முதன்முதலாகக் களம் இறங்கியது. ஆஸ்டின் நகரத்திலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 38–0 என்று படுதோல்வி! அன்று தொடங்கிய போட்டி இன்றுவரை ஓயவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

1922 ஜனவரி 2. இடம் டல்லாஸ் நகரம். ஏ அண்ட் எம் அணியை எதிர்த்து ஆடியது கென்டக்கி மாநிலத்தின் சென்டர் கல்லூரி. அது சின்னக் கல்லூரிதான். ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தையே 6–0 என்று வென்று நாட்டையே வாய் பிளக்க வைத்திருந்தது. ஏ அண்ட் எம் ஜெயிக்கும் என்று நினைத்தவர்கள் குறைவு.

ஆட்டம் தொடங்கியது. ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட்டு வெளியே வந்தார்கள். மாற்று ஆட்களும் உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். பயிற்சியாளர் டானா பைபிள் திரும்பிப் பார்த்தால் வெளியே உட்காரும் இடம் காலியாகிக்கொண்டு வருகிறது. அப்போது அவருக்கு ஒருவனுடைய நினைவு வந்தது. கிங் கில் என்ற மாணவன். அணியில் இருந்தவன்தான். கூடைப்பந்தில் கவனம் செலுத்துவதற்காக விலகிவிட்டான். அன்று பார்வையாளர் பகுதியில், செய்தியாளர்கள் உட்காரும் இடத்தில் இருந்தான். எந்த ஆட்டக்காரர் யார் என்று பத்திரிகைக்காரருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பயிற்சியாளர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கில் இறங்கி வந்தான். காயம்பட்ட ஒருவருடைய சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றான். உட்காரவில்லை, நின்றான்.

கடைசியில் 22–14 என்று ஏ அண்ட் எம் வென்றது. உள்ளே ஆடிய பதினொரு பேரும் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டார்கள். கில்லைக் கூப்பிடவே தேவை வரவில்லை. சட்டையில் அழுக்குப் படாமல் திரும்பினான். பிற்காலத்தில் அவர் மருத்துவரானார். இந்தக் கதையைக் கேட்க வருபவர்களிடம், "நான் ஓடிப்போய் வெற்றிப் புள்ளி எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று நின்றேன், அவ்வளவுதான்" என்கிற பொருளில் சொல்வாராம். 1976-இல் காலமானார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தச் செயல் மறுநாளே பெரிய புகழ் பெற்றுவிடவில்லை. 1939-இல் ஒரு வானொலி நாடகத்தில் வந்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. 'பன்னிரண்டாவது ஆள்' என்ற சொல்லையும் இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரசிகர்களை அப்படி அழைக்கும் வழக்கம் வேறு பல்கலைக்கழகங்களில் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் அவர்களுடைய கைல் ஃபீல்டு அரங்கத்தில் மாணவர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை நிற்கிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் அது. எங்கள் அணிக்கு ஆள் தேவைப்பட்டால் நாங்கள் தயார் என்பதுதான் அதற்கு அர்த்தம். 1980-களில் ஒரு பயிற்சியாளர் விளையாட்டாகக்கூட அல்ல, மெய்யாகவே சாதாரண மாணவர்களை அழைத்துத் தேர்வு வைத்து, ஆட்டத்தில் ஒரு பகுதிக்கு அவர்களைக் களத்தில் இறக்கினார். இப்போதும் அணியில் 12-ஆம் எண் சட்டை, உதவித்தொகை வாங்காமல் தானாக வந்து சேரும் ஒரு மாணவருக்குத்தான் கிடைக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவழைத்தது இன்னொன்று. 1990-இல் பல்கலைக்கழகம் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. மற்ற அணிகள் அதைப் பயன்படுத்தினால் வழக்குத் தொடுக்கிறது. ஒன்றும் எதிர்பார்க்காமல் வந்து நின்ற பையனுடைய பெயருக்கு இப்போது காசு! பெரியவர்கள் செய்கிற காரியங்கள் சில நேரம் இப்படித்தான் இருக்கும்.

கில்லைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு பையன் நினைவுக்கு வருவான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கபடி அணி இருந்தது. களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர். அந்த ஐந்தில் அவன் கடைசி. இரண்டு வருடம் குறுவட்டப் போட்டிக்கு எங்களோடு வந்தான். ஒரு தடவைகூட அவனை இறக்கவில்லை. எல்லோருடைய செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்வான், எலுமிச்சம்பழம் வெட்டித் தருவான். இரண்டாம் வருடம் கோப்பை வாங்கினோம். புகைப்படக்காரர் வந்தார். படம் கழுவி வந்த பிறகுதான் பார்த்தேன், அதில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். அவன் பைகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். யாரும் கூப்பிடவில்லை. அணியை அழைத்துப்போன ஆசிரியர் நான்தான், நானும் கூப்பிடவில்லை. அவனிடம் கேட்டதற்கு, "பரவாயில்லை சார்" என்றான். அந்தப் படம் பல வருடம் பள்ளி அலுவலகத்தில் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்க்காமல் கடந்து போகப் பழகிக்கொண்டேன்.

சரி, கொஞ்சம் சிரிக்கவும் ஒரு கதை சொல்கிறேன். 1931-இல் ஏ அண்ட் எம் மாணவர்கள் சிலர் காரில் வந்துகொண்டிருந்தபோது ஒரு தெருநாய் மேல் கார் மோதிவிட்டது. பாவம் என்று விடுதிக்குத் தூக்கி வந்து ஒளித்து வைத்தார்கள். விடிகாலையில் ஊதுகொம்பு முழங்கியதும் நாய் குரைத்து ஊரைக் கூட்டிவிட்டது. மாணவர்களை எழுப்ப ஊதும் அந்த இசைக்கு 'ரெவெலி' என்று பெயர். அதையே நாய்க்கும் வைத்துவிட்டார்கள். ஃபுட்பால் போட்டிகளில் வாத்தியக் குழுவோடு மைதானத்துக்குள் நடந்து வந்து அணியின் சின்னமாகவே ஆகிவிட்டது ரெவெலி. 1944-இல் அது இறந்தபோது அரங்கத்தின் வாயிலில், புள்ளிப் பலகை கண்ணில் படுகிற மாதிரி புதைத்தார்கள். அதற்குப் பின் வந்த ரெவெலிகளும் அங்கேயே. அரங்கத்தைப் பெரிதாகக் கட்டியபோது புள்ளிப் பலகை மறைந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லறைகளுக்கு எதிரே தனியாக ஒரு சின்னப் புள்ளிப் பலகை வைத்துவிட்டார்கள்! 2021 முதல் இருப்பது பத்தாவது ரெவெலி. வகுப்பில் அது குரைத்தால் ஆசிரியர் வகுப்பை முடித்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கம். உங்கள் முகம் மலர்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

மரபு என்றால் இப்படித்தான், அழகாகவும் வேடிக்கையாகவும் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு மரபையும் நான் சொல்ல வேண்டும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடும் போட்டிக்கு முன்பு, ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் பெரிய நெருப்பு மூட்டுவார்கள். எதிரணியை வெல்ல வேண்டும் என்று தங்கள் மனத்தில் கனல்வதற்கு அடையாளம் அது. கார்த்திகையில் கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பல மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1909-இல் வளாகத்தில் தொடங்கியபோது கிடைத்த குப்பை, பழைய பெட்டிகள் இவற்றைக் குவித்து எரித்தார்கள். 1935-இல் விறகு போதாமல் ஒரு விவசாயியின் களஞ்சியத்தையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்களாம்! அந்த ஆள் வந்து புகார் கொடுத்தார். அதற்குப் பிறகு மரம் வெட்டி அடுக்க ஏற்பாடு ஆயிற்று. உச்சியில் எதிரணியின் ஆரஞ்சு வண்ணம் பூசிய ஒரு கழிப்பறைக் கூண்டை வைப்பார்கள். குறும்புதான்.

வருடத்துக்கு வருடம் குவியல் வளர்ந்தது. 1969-இல் 109 அடி 10 அங்குலம்! ஏறக்குறைய பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். பல்கலைக்கழகம் பயந்துபோய், 55 அடிக்கு மேல் கூடாது என்றது. மரத்தை வெட்டுவது, சுமப்பது, கம்பியால் கட்டுவது, மேலே ஏறி அடுக்குவது எல்லாமே மாணவர்கள்தான். வாரக்கணக்கில் இரவும் பகலும் வேலை. மூத்தவர்கள் இளையவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒரு பொறியியல் பல்கலைக்கழகம், மறந்துவிடாதீர்கள். ஆனால் அந்த விறகுக் குவியலுக்குப் பொறியாளர் போட்ட வரைபடம் என்று ஒன்று இல்லை. 1994-இல் மழையில் தரை இளகிக் குவியல் சரிந்தது. யாருக்கும் ஆபத்தில்லை. உடனே இரவு பகலாக உழைத்து மறுபடி அடுக்கிவிட்டார்கள். அதைப் பெருமையாகப் பேசினார்கள். ஏன் சரிந்தது என்ற கேள்வி பெருமையில் அமுங்கிப் போயிற்று.

1999 நவம்பர் 18, அதிகாலை 2 மணி 42 நிமிடம். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுமார் 5,000 மரத்தடிகள். உயரம் 59 அடி. திடீரென்று குவியல் சாய்ந்தது. 12 பேர் இறந்தார்கள். பதினொருவர் மாணவர்கள், ஒருவர் முன்னாள் மாணவர். 27 பேர் காயமடைந்தார்கள்.

பெரிய இயந்திரத்தால் இழுத்தால் மிச்சமுள்ள தடிகளும் சரியும் அபாயம் இருந்தது. உள்ளே சிக்கியவர்கள் உயிரோடு இருக்கலாம். அதனால் பலவற்றைக் கையால்தான் தூக்க வேண்டியிருந்தது. ஃபுட்பால் அணி வீரர்கள் பயிற்சியை விட்டுவிட்டு வந்து தடி தூக்கினார்கள்.

விசாரணைக் குழு 2000 மே மாதம் அறிக்கை கொடுத்தது. இரண்டாம் அடுக்கின் தடிகளை முதல் அடுக்கின் இடுக்குகளில் அடித்து இறக்கியதால், முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே பிதுங்கியது. அதை இறுக்கிப் பிடிக்கக் கட்டிய கம்பிகளுக்கு அந்த வலு இல்லை. முந்தைய ஆண்டுகளில் சுற்றியிருந்த எஃகு வடம் அந்த ஆண்டு சுற்றப்படவில்லை. மூட்டையை ஊசியால் தைக்காமல் நெல்லை அமுக்கி அமுக்கித் திணித்தால் என்ன ஆகும்? அப்படித்தான். இதெல்லாம் ஒரே நாளில் வந்த தவறு அல்ல, பல ஆண்டுகளாகச் சேர்ந்து வந்தது என்றும் குழு சொன்னது.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தூக்கம் விழித்து, கை காய்த்துப்போய், தன் அணிக்காக உழைத்தவர்கள். மைதான ஓரத்தில் நின்ற கில்லுக்கு இருந்த அதே அன்புதான் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் அந்த அன்பே கேள்வி கேட்கிற வாயை அடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். தொண்ணூறு வருடமாகச் செய்கிறோம், உனக்கு என்ன தெரியும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், புதிதாக வந்த ஒரு பையன் தன் சந்தேகத்தை விழுங்கியிருக்கலாம். நம் வகுப்பறையிலேயே அது தினமும் நடக்கிறதே!

இத்தனைக்கும் நிறுத்தத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். 1963 நவம்பரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடுக்கி முடித்த குவியலை மாணவர்கள் தங்கள் கையாலேயே பிரித்துப் போட்டார்கள். அந்த ஒரு வருடம் நெருப்பு இல்லை. அதனால் அவர்கள் அணியின் பெருமைக்கு ஒன்றும் குறைவு வரவில்லை.

விபத்து நடந்து எட்டாம் நாள், நவம்பர் 26 அன்று, கைல் ஃபீல்டில் போட்டி நடந்தது. எதிரணி அதே டெக்சாஸ் பல்கலைக்கழகம். நூறு வருடப் பகையாளிகள் அல்லவா? இடைவேளையில் அவர்களுடைய வாத்தியக் குழுவினர் இறந்தவர்களுக்காக ஒரு துதிப் பாடலை வாசித்து, தங்கள் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அடுத்து ஏ அண்ட் எம் வாத்தியக் குழு நடந்து வந்தது. அணிவகுப்பு முடிந்து வெளியேறும்போது வாத்தியச் சத்தமே இல்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த அரங்கம் அமைதியாக நின்றது. ஆட்டத்தில் ஏ அண்ட் எம் 20–16 என்று வென்றது. அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

2002-இல் பல்கலைக்கழகம், அந்த நெருப்பு மரபை மீண்டும் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தது. சில மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, தங்கள் பொறுப்பில், வெளிப்புறத் தடிகள் எல்லாம் தரையில் ஊன்றி நிற்கும் வேறு அமைப்பில் அதைத் தொடர்ந்தார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும் 2011-க்குப் பிறகு ஒன்றோடொன்று ஆடவில்லை. 2024-இல் மறுபடியும் ஆடப் போகிறார்கள் என்றதும், நெருப்பையும் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர் வேண்டாம் என்றார். 2024 நவம்பர் 30 அன்று போட்டி மட்டும் நடந்தது. ஏ அண்ட் எம் 17–7 என்று தோற்றது. பழைய மாணவர்களில் பலருக்கு அந்த நெருப்பு இல்லாதது இன்னும் ஏக்கம்தான். அவர்களுடைய ஏக்கத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தலைவர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. உங்கள் கட்சி எது என்று எழுதுங்கள்.

குவியல் சரிந்த இடத்தில் 2004-இல் நினைவிடம் திறந்தார்கள். வட்டமாக 12 வாயில்கள். ஒவ்வொரு வாயிலும் இறந்த ஒவ்வொருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்திருக்கிறது. வாயில்களை இணைக்கும் 27 கற்கள் காயம்பட்டவர்களுக்காக. அங்கே போகும் வழியில் நெருப்பு மூட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கல்லாக 89 கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். 1963-க்கு உரிய இடத்தில் மட்டும் கல் இல்லை, வெறும் இடைவெளி.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 21 அன்று, இன்னாள் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுகூடுகிறார்கள். அந்த ஆண்டில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒருவர் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வாசிக்கிறார். பெயர் வாசித்ததும் உறவினரோ நண்பரோ எழுந்து பதில் சொல்கிறார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் காலையில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் வாசித்தவன் நான். யாராவது வராவிட்டால் அந்தப் பெயருக்குப் பின் வரும் மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும்.

2000 ஏப்ரல் 21 அன்று இரவு அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும், அவர்கள் சார்பில் குரல் வந்தது. நம் வகுப்பில் சொல்வோமே, "உள்ளேன் ஐயா" என்று, அந்தச் சொல்தான்.